ஒரே பாட்டு, இரண்டு தட்டு: எந்த அச்சின் ஒலி நல்லது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

இசைத்தட்டு சேர்க்கத் தொடங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒரே படத்தின் பாட்டுத் தட்டு இரண்டு கைக்கு வந்திருக்கும். ஒன்று பழைய கல்கத்தா அச்சு, மற்றது அண்மையில் வந்த மறுவெளியீடு. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது? தேடிப் பார்த்தால் குளிர்நாட்டுக்காரர் எழுதிய ஆலோசனைதான் கிடைக்கும். அவர்களுக்கு மாரியில் கவரில் பூக்கும் பூஞ்சணமும் தெரியாது, கோயில் திருவிழாவில் ஆயிரம் தரம் ஓடின தட்டும் தெரியாது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு இதைச் செய்யப்போகிறவர்களுக்காக, நான் பட்ட பாட்டை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தட்டுக்கும் நடுவில் நமக்குக் கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கும் அச்சுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சத்தமாக இருக்கும், ஒன்றில் அழுக்கு இருக்கும், ஊசி தேய்ந்திருக்கும், வேகம் பிசகியிருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அச்சின் குணம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கழித்தல் வேலைதான்.

1. தட்டு எப்படிப் பிறக்கிறது என்று இரண்டு நிமிடம்

மாஸ்டர் நாடாவில் இருக்கும் ஒலியை லேத் என்னும் இயந்திரம் லாக்கர் பூசிய வட்டில் பள்ளமாக வெட்டும். அந்த வெட்டிலிருந்து உலோகப் பிரதி, அதிலிருந்து தாய்ப் பிரதி, தாயிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பர்தான் சூடான பிளாஸ்டிக்கை அமுக்கித் தட்டாக்கும். ஒரு ஸ்டாம்பர் ஆயிரம் சொச்சம் தட்டு அடித்ததும் களைத்துவிடும். அப்புறம் புதியது போடுவார்கள்.

ஆகவே இரண்டு தட்டுக்குள் வித்தியாசம் வரக்கூடிய இடங்கள் மூன்று: எந்த நாடாவிலிருந்து வந்தது, யார் எப்படி வெட்டினார், தொழிற்சாலையில் என்ன பிளாஸ்டிக்கில் எவ்வளவு கவனமாக அடித்தார்கள். முதல் இரண்டும் பாட்டின் நிறத்தையே மாற்றும். மூன்றாவது பெரும்பாலும் இரைச்சல், பொரிச்சல், நடுத்துளை பிசகுவது ஆகியவற்றோடு நின்றுவிடும்.

180 கிராம் என்று கவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பாரம் கூடினால் தட்டு எளிதில் வளையாது, கையில் பிடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மோசமான வெட்டை எவ்வளவு தடித்த பிளாஸ்டிக்கில் அடித்தாலும் மோசமாகத்தான் பாடும்.

2. தட்டைத் தேடுவதும் பார்த்து வாங்குவதும்

இங்கே பழைய தட்டுகள் கிடைக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான். வீட்டுப் பெட்டகம், பழைய இரும்பும் போத்தலும் எடுக்கிறவர், அப்புறம் ஒரு காலத்தில் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டினவர்களின் வீடு. 1978 சூறாவளியிலும் 2004 ஆழிப்பேரலையிலும் போனது போக மிஞ்சியவைதான் இவை. அதனால் கவர் இல்லாமல் பத்திரிகைத் தாளில் சுற்றின தட்டுகளும் நிறைய வரும். கவர் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். ஒலிக்குக் கவர் தேவையில்லை.

லவுட்ஸ்பீக்கர் காரரின் தட்டை மட்டும் தனியாகப் பாருங்கள். அடையாளம் சுலபம். லேபிளில் கடையின் றப்பர் முத்திரை இருக்கும், பக்கத்தில் பெயின்ரால் எழுதின வரிசை இலக்கம் இருக்கும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் நல்ல தட்டு கண்ணாடிபோலக் கறுப்பாக மின்னும். இவர்களுடையது சாம்பல் பூசினமாதிரி மங்கலாக இருக்கும், அதிலும் எல்லோருக்கும் பிடித்த பாட்டின் பட்டையில் மட்டும் ஆகக் கூடுதலாக. பிளேயரில் ஊசியைத் தாங்கும் கை பாரமாகவும் ஊசி தேய்ந்தும் இருந்து பள்ளத்தின் சுவரை உழுதுவிட்ட அடையாளம் அது. எத்தனை தரம் கழுவினாலும் போகாது. பாட்டுக்காக வைத்துக்கொள்ளலாம், அச்சை ஒப்பிடும் வேலைக்கு அந்தத் தட்டு உதவாது. தேய்ந்த பழையதைப் புத்தம் புதியதோடு வைத்து 'மறுவெளியீடுதான் நல்லது' என்று முடிவுகட்டினால், தேய்மானத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

வாங்கும்போது போன் ரோச் ஒன்றே போதும். கீறலை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் தட்டுப்பட்டால் ஊசியும் தட்டுப்படும். தட்டை மேசைக் கண்ணாடியில் வைத்து விளிம்பு எழும்புகிறதா பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மயிர்போல மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பல கைகள் துளையைத் தேடித் தேடி வைத்திருக்கின்றன, அதாவது நிறைய ஓடியிருக்கிறது.

வாங்கின பிறகு ஓட்டோவின் பின்சீற்றுக்குப் பின்னால் வெயிலில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பூட்டின வாகனத்துக்குள் மத்தியான வெயிலில் ஒரு தட்டு வளைய அதிக நேரம் எடுக்காது.

3. வெறும் வளையத்தை வாசிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் ஒரு வெறும் வளையம் இருக்கும். அதில் சிறிய எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். சில இயந்திரத்தால் அடித்தவை, சில கையால் கீறினவை. அதுதான் மெட்ரிக்ஸ் இலக்கம். லேபிளும் கவரும் எத்தனை தரமும் மாறலாம். வளையத்தில் இருப்பது அந்த வெட்டின் பிறப்புச் சான்றிதழ்.

வாசிக்க ஒரு வழி: அறை விளக்கை அணைத்துவிட்டு, ரோச்சைத் தட்டின் மட்டத்திலேயே பக்கவாட்டில் பிடியுங்கள். தட்டை மெதுவாகச் சுற்றினால் எழுத்து நிழலோடு எழும்பும். போன் கமராவில் கிட்டப் பிடித்து எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். ஏ பக்கம் ஒரு வெட்டும் பி பக்கம் வேறு வெட்டுமாக இருப்பது சாதாரணம்.

இலக்கத்தின் கடைசியில் கோடு போட்டு 1, 2 என்று வந்தால் பெரும்பாலும் அது எத்தனையாவது வெட்டு என்பதைக் குறிக்கும். இங்கிலாந்து ஈ.எம்.ஐ. கம்பெனியின் தட்டுகளில் இன்னும் விவரம் உண்டு. மெட்ரிக்ஸ் இலக்கம் ஆறு மணி இடத்தில் இருக்கிறது என்று பிடித்தால், ஒன்பது மணி இடத்தில் தாய்ப் பிரதியின் இலக்கமும் மூன்று மணி இடத்தில் ஸ்டாம்பரின் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துகளுக்கு இலக்கம் உண்டு: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, எல் 8, ரி 9, டி 0. ஆர், எம் என்று இருந்தால் 24ஆவது ஸ்டாம்பர். இலக்கம் சிறிதாக இருந்தால் அந்த வெட்டின் ஆரம்ப காலத் தட்டு.

அமெரிக்கத் தட்டுகளில் வெட்டினவரின் அடையாளம் இருக்கும். ஆர்.எல். என்று கீறியிருந்தால் ரொபர்ட் லட்விக், கே.பி.ஜி. என்றால் கெவின் கிரே. 'ஸ்டெர்லிங்' என்று முத்திரை அடித்திருந்தால் ஸ்டெர்லிங் சவுண்ட் நிலையம். புதிய மறுவெளியீடுகளில் ஆறு இலக்கமும் அதன் பின்னால் ஈ என்ற எழுத்தும் வந்தால் செக் நாட்டு ஜி.இசட். மீடியாவில் அடித்தது என்று அநேகமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் கைக்கு அதிகம் வருபவை இந்தியத் தட்டுகள்: கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் கிராமபோன் கம்பெனி ஒப் இந்தியா அடித்த எச்.எம்.வி., அப்புறம் இன்ரிகோ, எக்கோ, பொலிடோர். ஆங்கிலப் பாட்டுத் தட்டுகளின் இந்திய அச்சை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். இங்கிலாந்திலிருந்து வந்த உலோகப் பிரதியைக் கொண்டு இந்தியாவில் அடித்தவை உண்டு. வளையத்தில் இங்கிலாந்துத் தட்டில் உள்ள அதே மெட்ரிக்ஸ் இலக்கம் இருந்தால், வெட்டு ஒன்றுதான். காதில் வரும் வித்தியாசம் பிளாஸ்டிக்கும் தேய்மானமும் மட்டும். இலக்கம் வேறு என்றால்தான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது.

இன்னொரு பொறி. பழைய மோனோப் பாட்டுகளை, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி பதிந்தவற்றை, எழுபதுகளில் 'எலெக்ட்ரோனிக்கலி ரீப்ரொசெஸ்ட் ஸ்டீரியோ' என்று கவரில் போட்டு விற்றார்கள். மோனோ ஒலியின் கீழ்ச் சுருதிகளை ஒரு பக்கமும் மேல்சுருதிகளை மற்றப் பக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி கலந்த பொய் ஸ்டீரியோ அது. பாடகர் கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல இருக்கும். அந்தப் பாட்டின் மோனோத் தட்டு கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

4. வெளியிலிருந்து எடுப்பதென்றால்: பத்திரம், செலவு, காலம்

தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் மெட்ரிக்ஸ் இலக்கத்தையே தேடல் பெட்டியில் போட்டுத் தேடலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: வளையத்தின் படம் இரண்டு பக்கமும், கழுவினதா இல்லையா, தட்டைக் கவருக்கு வெளியே எடுத்துப் பொதி செய்வாரா. கடைசியது முக்கியம். கவருக்குள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு கவரின் மடிப்பைக் கிழித்துவிடும். படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். கொழும்பில் ஒருவர் 'முதல் அச்சு' என்று சத்தியம் பண்ணி எனக்குத் தந்த தட்டு, வளையத்தைப் பார்த்தால் பத்து வருடம் பிந்தின மறுவெளியீடு.

காசு கட்ட, வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்துவிட்ட வங்கி அட்டை வேண்டும். வங்கியில் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள். இலங்கையிலிருந்து பேபால் மூலமும் பணம் அனுப்பலாம்.

செலவில் ஏமாறும் இடம் தபால் கட்டணம். ஐரோப்பாவிலிருந்து ஒரு தட்டை எடுத்தால் அனுப்பும் செலவு பல நேரம் தட்டின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது தட்டுக்கு ஏறுவது கொஞ்சம்தான். அதனால் ஒரே விற்பனையாளரிடம் நாலைந்தாகச் சேர்த்து எடுங்கள், நண்பர்களோடு பங்கு போட்டாலும் சரி. சுங்கம் வரிக்கு எடுக்கும் பெறுமதி தட்டின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்தது. அதன் மேல் வரும் அறவீடுகளுக்குப் பிறகு வற் வரியும் உண்டு. அது 2024 ஜனவரியில் 18% ஆனது. மொத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஓடர் பண்ணுங்கள்.

சுங்கத்தில் மறித்து அறிவித்தல் வந்தால் கையில் இருக்க வேண்டியவை: அந்த அறிவித்தல், தேசிய அடையாள அட்டையும் பிரதியும், விற்பவரின் விலைப்பட்டியல், பணம் கட்டின சான்று. விலைப்பட்டியலை ஓடர் பண்ணின அன்றே அச்சடித்து வையுங்கள். வேறு ஒருவரை அனுப்புவதென்றால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் கொடுத்துவிடுங்கள். காலம் என்று பார்த்தால் சாதாரண பதிவுத் தபாலுக்கு மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியத் தட்டுக்கு இதைவிடச் சுலபமான வழி ஆள்தான். சென்னையிலிருந்து வருகிற உறவினர் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டு கைப்பையில் அடங்கும். பெரிய பெட்டிக்குள் போட்டு விமானத்தில் ஏற்ற விடாதீர்கள். கொழும்பில் வாங்கினதென்றால் உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவதற்கு ஈடு இல்லை. பஸ்ஸில் பார்சல் போடுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் தடித்த மட்டை வைத்து, இரவு பஸ்ஸில் போடுங்கள். பகல் பஸ்ஸின் பொதி அறை ஒரு போறணை.

5. பிளேயரைச் சீர் செய்வது

இங்கே புழக்கத்தில் உள்ள பழைய பிளேயர்கள் பல ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே 100 வோல்ட், இங்கே 230. அதற்கு ட்ரான்ஸ்போர்மர் போடுவார்கள், சரி. ஆனால் ட்ரான்ஸ்போர்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதை, மாற்றாது. மேற்கு ஜப்பானில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டரும் பெல்ட்டும் கொண்ட 60 ஹேர்ட்ஸ் பிளேயர் இங்கே நிமிடத்துக்கு 33⅓க்குப் பதிலாக 27.8 சுற்றில் ஓடும். பாட்டு மூன்று சுரத்தானம் இறங்கிவிடும். 50 ஹேர்ட்ஸ் கப்பி மாற்ற வேண்டும். பெல்ட் இல்லாமல் மோட்டரே நேராகச் சுற்றும் குவார்ட்ஸ் டிரெக்ட் டிரைவ் பிளேயருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

வேகத்தைச் சோதிக்க, சுற்றிவரக் கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டு ஒன்றை அச்சடித்துப் பிளேயரில் வைத்துச் சுற்றவிடுங்கள். 50 ஹேர்ட்ஸுக்கு 33⅓ வளையத்தில் 180 கோடு இருக்க வேண்டும். 216 கோடு உள்ளது 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்கு. பழைய இழைக் குமிழின் வெளிச்சத்தில் பாருங்கள், பல எல்.ஈ.டி. விளக்குகளில் சரியாகத் தெரியாது. கோடு நின்ற இடத்தில் நின்றால் வேகம் சரி. நூற்றுக்கு ஒன்று வேகம் கூடினாலும் பாட்டு கொஞ்சம் துடிப்பாக, 'நல்லதாக' கேட்கும். அதை அச்சின் பெருமை என்று நினைத்துவிடுவோம். கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் ஏ.சி. மோட்டர் பிளேயரில் ஒப்பீடு செய்யவே வேண்டாம்.

ஊசியின் பாரத்துக்குச் சிறிய டிஜிட்டல் தராசு உண்டு, பத்து டொலர் அளவில். அளவு காட்ரிட்ஜைப் பொறுத்தது, அதாவது ஊசி பூட்டியிருக்கும் சிறிய பெட்டியை. ஓடியோ டெக்னிகா வி.எம்.95ஈ காட்ரிட்ஜ் என்றால் 2 கிராம், ஓர்ட்டொஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8. பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த பாரத்தில் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சுவரை இன்னும் மோசமாகக் கெடுக்கும். வி.எம்.95ஈ ஊசியின் ஆயுள் சுமார் 300 மணித்தியாலம். தேய்ந்த ஊசியோடு நல்ல தட்டை ஒப்பிட உட்காராதீர்கள். சூட்கேஸ் பிளேயரில் இந்த வேலையே வேண்டாம்.

78 சுற்றுத் தட்டுக்கு வேறு ஊசி. 33⅓ சுற்று எல்.பி. தட்டின் ஊசியை அதில் வைக்காதீர்கள்.

6. கழுவுதல்

கழுவாத தட்டை ஒப்பிடக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே முறையில் கழுவுங்கள்.

கல்லடி, காத்தான்குடிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. காய்ந்ததும் பள்ளத்துக்குள் படியும், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் பொரியும். பாமசியில் வடித்த நீர் வாங்குங்கள். பற்றரிக் கடையில் எடுப்பதென்றால் போத்தலில் உள்ளதை வாசியுங்கள், அசிட் கலந்த போத்தலும் அதே இறாக்கையில்தான் நிற்கும். நாலு பங்கு வடித்த நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோபைல் அல்ககோல், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் வழியே வட்டமாகத் தேய்த்து, தனி வடித்த நீரால் இரண்டு தரம் அலசி, நிழலில் நிறுத்தி வையுங்கள். லேபிளில் தண்ணீர் படவிடாதீர்கள். பழைய இந்திய லேபிள்களின் மை ஊறும்.

78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. அதில் அல்ககோல் பட்டால் கரைந்துவிடும். வெறும் வடித்த நீர் மட்டும்.

பூஞ்சணம் வெள்ளைப் புள்ளியாக இருக்கும். மாரி முடிந்த கையோடு தட்டுகளை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். கழுவின தட்டைப் பழைய உறைக்குள் திரும்பப் போட்டால் மறுகாவும் பூக்கும். புதிய பொலித்தீன் உள்ளுறை போடுங்கள். தடித்த பி.வி.சி. உறை வேண்டாம், அது வெக்கையில் தட்டோடு ஒட்டி மங்கலாக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வேறு தொல்லை. காற்று காய்ந்து, தட்டில் நிலைமின்சாரம் ஏறி, தூசி பறந்து வந்து ஒட்டும். ஈரத்துணி ஒன்றைக் கிட்ட வைத்துக்கொண்டு, கார்பன் இழைத் தூரிகையால் துடைத்துவிட்டு உடனே ஓட்டுங்கள்.

7. பதிவு செய்து சத்தத்தைச் சமப்படுத்துவது

தட்டை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டு முடிவெடுக்க முடியாது. மாற்ற ஒரு நிமிடம் போகும். ஒலியின் நுணுக்கத்தைக் காது அவ்வளவு நேரம் பிடித்து வைக்காது. இரண்டையும் கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிளேயரின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் போனோ ப்ரீஅம்ப் உள்ள சிறிய யூ.எஸ்.பி. பெட்டி ஒன்று வேண்டும். பெஹ்ரிங்கர் யூ.எஃப்.ஓ.202 போன்றது 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் பதியும். இந்த வேலைக்குத் தாராளம். விலை சுமார் 30 டொலர். ஓடாசிட்டி மென்பொருள் இலவசம். பிளேயரின் பூமி வயரை மறக்காமல் பூட்டுங்கள், இல்லாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் ஊங்காரம் இரண்டு பதிவிலும் ஏறும். மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், என்ன செய்வது. ஸ்பீக்கரையும் நிறுத்திவிடுங்கள், அதன் அதிர்வு ஊசிக்குத் திரும்பிப் போகும்.

சத்தமான பாட்டின் உச்சி –6 டெசிபெலைத் தாண்டாதபடி அளவை வைத்து, அதே அளவில் இரண்டு தட்டையும் பதியுங்கள். நடுவில் எதையும் தொடக்கூடாது. அப்புறம் ஒரே பாட்டின் அதே 30 செக்கனை இரண்டிலிருந்தும் வெட்டி எடுங்கள். ஓடாசிட்டியில் 'லவுட்னஸ் நோர்மலைசேஷன்' என்று ஒன்று உண்டு. இரண்டு துண்டுக்கும் ஒரே இலக்கம் கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

இந்தச் சமப்படுத்தலைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒன்று ஒரு டெசிபெல் கூடினால்கூட அதைச் 'சத்தம்' என்று காது சொல்லாது. 'தெளிவு', 'உயிர்' என்றுதான் சொல்லும். ஒரு பக்கத்தில் 25 நிமிடத்துக்கு மேல் பாட்டை அடைத்த தட்டில் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும் என்பதால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் 15 நிமிடம் மட்டுமே உள்ள தட்டு இயல்பாகவே சத்தமாக இருக்கும். சமப்படுத்தின பிறகு, குறைந்த அளவில் வெட்டியதன் பின்னணி இரைச்சல் கூடத் தெரியும். அது நியாயமான வித்தியாசம், அதைக் கணக்கில் எடுக்கலாம்.

ஒன்றில் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தால் வேகத்தையும் ஒப்பிட்டுச் சரிப்படுத்துங்கள். நாடாவே வேறு வேகத்தில் ஓடி வெட்டப்பட்ட தட்டுகள் உண்டு.

8. எந்த இடத்தைக் கேட்பது

தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் செக்கனுக்குச் சுமார் 51 சென்ரிமீற்றர் ஓடும். லேபிளுக்குக் கிட்ட வந்தால் 21 தான். அதே ஒலியை அரைவாசியிலும் குறைந்த இடத்தில் எழுத வேண்டும். கடைசிப் பாட்டு கரகரப்பது அதனால்தான். ஒரு பாட்டு ஒறிஜினல் தட்டில் முதலாவதாகவும் தொகுப்புத் தட்டில் கடைசியாகவும் இருந்தால் அந்த ஒப்பீடு நியாயமில்லை. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் உள்ள பாட்டை எடுங்கள். முடிந்தால் ஒன்று வெளியிலிருந்து, ஒன்று உள்ளிருந்து.

எதைக் கவனிப்பது என்றால், முதலில் 'ஸ', 'ஷ' வரும் சொற்கள். பாடகியின் குரலில் அவை எச்சில் தெறிப்பதுபோல வந்தால், வெட்டு கூர்மையாக இருக்கிறது அல்லது ஊசி பள்ளத்தைப் பின்பற்றவில்லை. பாட்டு முழுவதும் அப்படி இருந்தால் வெட்டு. சத்தமான இடத்தில் மட்டும் கரகரத்தால் தேய்மானம்.

அடுத்தது நீண்டு நிற்கும் சுரம். நாதஸ்வரமோ வயலினோ தம்புராவோ. நடுத்துளை பிசகினால் சுரம் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். கண்ணாலும் பார்க்கலாம்: தட்டு ஓடும்போது பிளேயரின் கை இடமும் வலமும் ஆடும். துளை ஒரு மில்லிமீற்றர் விலகினால், நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் சுருதி நூற்றுக்கு ஒன்று மேலும் கீழும் போகும். படப்பாட்டில் பலருக்குத் தெரியாது, ஆலாபனையில் யாருக்கும் தெரியும். இது அந்த ஒரு தட்டின் குறை மட்டுமே, முழு அச்சின் தலையிலும் போடாதீர்கள்.

மூன்றாவது, மிருதங்கத்தின் தொப்பி அல்லது தபேலாவின் இடப்பக்கம். அடி விழுந்ததும் வீக்கமாகப் பரவுகிறதா, இறுக்கமாக நிற்கிறதா. மறுவெளியீடுகளில் அடிச்சுருதியைத் தூக்கி வைப்பது வழக்கம். முதல் தரம் கேட்க இனிக்கும், ஒரு பக்கம் முழுவதும் கேட்டால் காது களைக்கும்.

கடைசியாக, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள வெறும் இடம். பிளாஸ்டிக்கின் தரம் அங்கேதான் தெரியும். சீரான 'ஸ்ஸ்' என்றால் பிளாஸ்டிக்கோ நாடாவோ. 'டிக் டிக்' என்றால் கீறல் அல்லது தூசி, அச்சின் தவறு அல்ல.

மோனோத் தட்டென்றால் இரண்டு சனலையும் ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள். மேலும் கீழும் அசைவதால் வரும் இரைச்சலில் பெரும்பகுதி கழிந்துவிடும். இதைச் செய்யாமல் பழைய மோனோவைப் புதிய ஸ்டீரியோவோடு ஒப்பிட்டால் மோனோவுக்கு அநியாயம் நடக்கும்.

9. பார்க்காமல் கேட்பது

எது ஒறிஜினல் என்று தெரிந்தால் காது அதன் பக்கம் சாயும். அதுவும் வரி கட்டி எடுத்த தட்டென்றால் சொல்லவே வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, துண்டுகளின் பெயரை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருள் இருந்தால் அதற்கு ஏ.பி.எக்ஸ். என்ற இலவச இணைப்பு உண்டு. அது தானாக மறைத்துப் போட்டுக் கணக்கும் வைக்கும். 16 தரம் கேட்டு 12 தரமாவது சரியாக அடையாளம் கண்டால் வித்தியாசம் உண்மையில் கேட்கிறது என்று எடுக்கலாம். குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்க நூற்றுக்கு நாலுக்கும் குறைந்த வாய்ப்புத்தான். ஒரே இருப்பில் 16உம் செய்யாதீர்கள், காது களைத்துவிடும். பொரிச்சலை வைத்து அடையாளம் காண்பது ஏமாற்று. அதனால் பொரிச்சல் இல்லாத துண்டுகளாகத் தெரிவு செய்யுங்கள்.

பல நேரம் இந்தப் படியில் 'பெரிய வித்தியாசம்' காணாமல் போய்விடும். அப்படியானால் மலிவானதை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம்.

10. எழுதி வைப்பது, விற்பது

ஒரு கொப்பியில் தட்டுக்கு ஒரு பக்கம். நான் எழுதும் வரிசை இது: லேபிள், பட்டியல் இலக்கம், மெட்ரிக்ஸ் ஏ, மெட்ரிக்ஸ் பி, சமையல் தராசில் நிறுத்த பாரம், கழுவின திகதி, ஊசி ஓடின மணித்தியாலம், எந்தப் பாட்டின் எந்த 30 செக்கன், பார்க்காமல் கேட்ட முடிவு. மூன்று மாதம் கழித்து வேறு ஒரு அச்சு கிடைத்தால் பழைய பதிவோடேயே ஒப்பிடலாம். ஆனால் அதற்குள் ஊசியோ காட்ரிட்ஜோ மாறியிருந்தால் பழைய பதிவு செல்லாது, திரும்பப் பதிய வேண்டும்.

வேண்டாத தட்டை விற்கும்போது 'ஒறிஜினல்', 'அரிய தட்டு' என்றெல்லாம் எழுதுவதைவிட, வளையத்தின் படம் இரண்டும் 30 செக்கன் பதிவும் போடுங்கள். விலையைக் குறைத்துக் கேட்கிறவர்கள் பாதிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள். தேய்ந்த தட்டைத் தேய்ந்தது என்றே எழுதுங்கள். மட்டக்களப்பில் தட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.